ஒன்பது பேரின் பெயர் இன்னும் வேண்டும்

(கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த காங்கேசன்துறைப் பழைய படங்களின் காட்சியில் ஆற்றிய உரை)

சபைத் தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, வணபிதா அவர்களே, எங்கள் பிரதம விருந்தினர், சீமெந்துத் தொழிற்சாலையின் சூளைப் பகுதியில் பல வருடம் வேலை செய்த மூத்த பொறியியலாளர் ஐயா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். ஐயாவுக்கு முழங்கால் வலி. இந்த மண்டபத்துக்கோ படி ஏறித்தான் வரவேண்டும். ‘பிள்ளைகள் கூப்பிட்டால் வராமல் இருக்கலாமா’ என்று ஏறி வந்திருக்கிறார். அவருக்கு ஒரு பொன்னாடை போதாது. மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அன்பருக்கும், கதிரை அடுக்கிய பொடியன்களுக்கும், காலையில் இருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்கும் தங்கச்சிமாருக்கும் நன்றி. கொட்டாஞ்சேனையில் இருந்தும் தெகிவளையில் இருந்தும் பஸ் ஏறி வந்த ஊரவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று விஷயம் சொல்ல நினைத்து வந்தேன். முதலாவது எங்கள் ஊர். இரண்டாவது இந்தப் படங்கள். மூன்றாவது, அந்தத் தொழிற்சாலைக் காணியில் இனி என்ன வரவேண்டும் என்பது.

ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1905இல் கொழும்பில் இருந்து எங்கள் ஊருக்குக் கோச்சி வந்தது. 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. வாழைச்சேனைக் காகித ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை என்றாலும் அவருடைய பெயர்தான் முதலில் வாயில் வரும். எங்கள் காலடியில் இருந்தது சுண்ணாம்புக் கல். களிமண் முருங்கனில் இருந்து ரயிலில் வந்தது. இரண்டையும் அரைத்துச் சூளையில் சுட்டார்கள். எத்தனை வீட்டு அடுப்பு அந்தச் சூளையை நம்பி எரிந்தது! சங்கு ஊதினால்தான் அம்மா உலையில் அரிசி போடுவாள். எங்கள் முருங்கை இலையில் எப்போதும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். கழுவித்தான் சுண்டுவோம். 1990 ஜூனில் போர் மூண்டு எல்லாம் நின்றது. கோச்சி நின்றது, சூளை அணைந்தது, நாங்கள் உடுத்த உடுப்போடு வெளியேறினோம். பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். 2015 ஜனவரியில் மறுபடி காங்கேசன்துறை வரைக்கும் ரயில் ஓடியபோது, கொழும்புக் கோட்டையில் ஏறி 400 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, இறங்கிய இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

என் அப்பா தொழிற்சாலை வாசலில் லொறிகளை நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதினார். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது அவருடைய வாய்ப்பாடு. கோயிலுக்குக் கொடுத்த தேங்காயைக்கூடக் கொப்பியில் எழுதி வைப்பார். அந்த மனிதர் விட்டுப்போன ஒரு படம் அதோ அந்தச் சுவரில் தொங்குகிறது. சீமெந்து சாக்கில் நிரப்பும் பகுதியில் வேலை செய்த 23 பேர், இரண்டு வரிசை. பின்னால் அப்பாவின் கையெழுத்தில் 1968 என்று மட்டும் இருக்கிறது. தேங்காய்க்குக் கணக்கு வைத்தவர் ஆட்களின் பெயரை எழுதவில்லை. தினமும் பார்க்கிற முகங்கள்தானே, மறக்குமா என்று நினைத்திருப்பார். தொழிற்சாலைக்கு அமைச்சர் வந்த படம் என்றால் கீழே எல்லோருடைய பெயரும் பதவியும் அச்சில் இருக்கும். சாக்குத் தூக்கியவர்களின் படத்துக்குக் கீழே எதுவும் இருக்காது.

எட்டுப் பேரை எனக்கே தெரியும். மற்றவர்களுக்காக அந்தப் படத்தை ஒரு கடித உறையில் போட்டு, போகிற கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் கொண்டு திரிந்தேன். ஒருமுறை கொட்டாஞ்சேனையில் ஒரு எட்டுச் செலவு வீடு, செத்தவீட்டுக்கு எட்டாம் நாள் சடங்கு. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றி வருகிறது. படத்தை எடுத்துக் காட்டினேன். ஆண்கள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அவராக இருக்கலாம், இவராக இருக்கலாம் என்று விவாதித்தார்கள். ஒருவருக்கும் திடமாகத் தெரியவில்லை. மூலையில் பாயில் இருந்த ஒரு கிழவி, ‘தம்பி, அதை ஒருக்கால் இஞ்சை தா’ என்றார். கொடுத்தேன். விளக்கடிக்குக் கொண்டுபோய், மூக்குக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு ஆளாக விரலை நகர்த்திக்கொண்டு போனார். முன்வரிசையில் ஒரு இடத்தில் விரல் நின்றது. அந்த ஆள் படம் பிடிக்கும்போது தலையைத் திருப்பிவிட்டார். முகம் வெறும் புகை மாதிரித்தான் விழுந்திருக்கிறது. ‘அசைந்தவர்’ என்றுதான் நான் அவரைக் குறித்து வைத்திருந்தேன்.

‘இது என்ரை மனுசன்.’

‘எப்பிடி அம்மா தெரியும்? முகமே விழேல்லையே.’

‘முகம் ஏன் தம்பி? ரெண்டாம் பொத்தானைப் பார். மற்றதெல்லாம் வெள்ளை, அது கறுப்பு. வெள்ளைப் பொத்தான் துலைஞ்சு போச்சு, வீட்டிலை கறுப்புத்தான் கிடந்தது. நான்தான் தைச்சனான். படம் பிடிக்கிற நாளெண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா வேறை சேட்டு எடுத்துக் குடுத்திருப்பன்.’

சபையோரே, நான் அந்தப் படத்தை எத்தனை வருடம் பார்த்திருப்பேன்! அந்தப் பொத்தான் என் கண்ணில் படவே இல்லை. அந்த அம்மாவிடம் கணவரின் படம் ஒன்றுகூட இருக்கவில்லை. எல்லாம் 1990இல் வீட்டோடு போய்விட்டது. அதன் பிறகு அவர் வாய் மூடவில்லை. யாருக்கு எந்த வீட்டில் இருந்து மத்தியானச் சாப்பாடு போகும் என்பதை வைத்தே ஆட்களைச் சொன்னார். இவருக்குப் புட்டும் மீன் குழம்பும், இவர் வரணியில் இருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியவர், இவர் கீரிமலைக் கேணியில் விடிய முதல் நீந்தாமல் வேலைக்கு வரமாட்டார் என்று, தன் மனுசனோடு சேர்த்து ஆறு பேர். நான் சாப்பாட்டுப் பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். எழுதிய பிறகுதான் என் கை நடுங்குவதைக் கண்டேன். படத்தின் பிரதி ஒன்றை அடுத்த கிழமையே கொண்டுபோய்க் கொடுத்தேன். மிச்சம் ஒன்பது பேரைப் பற்றிப் பிறகு ஆறுதலாக வந்து கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். நான் மறுபடி போனபோது அந்த வீட்டு வாசலில் செத்தவீட்டு வாழை கட்டியிருந்தது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். எங்களுடைய ஆற்றில் எவ்வளவு போனது என்பதே எங்களுக்குத் தெரியாது.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் மூத்தவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அல்பத்தை எடுத்து அவர் மடியில் வையுங்கள். இடமிருந்து வலமாக யார், எந்த ஊர், எந்தப் பகுதியில் வேலை, பட்டப்பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். பட்டப்பெயரை விடவேண்டாம், பல பேருக்கு அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. படத்தின் பின்னால் குமிழ்முனைப் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். லமினேட் செய்யாதீர்கள். பசை பூசிய பக்கமுள்ள அல்பத்தில் ஒட்டியிருந்தால் இழுத்துக் கிழிக்காமல் பக்கத்தோடு கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். அப்புறம், வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரும்பு அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் படத்துக்குப் பூஞ்சணம் பிடிக்க அதிக காலம் தேவையில்லை. அதை மேல்தட்டுக்கு மாற்றுங்கள்.

மூலப் படத்தைத் தரச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பிரதி மட்டும் பல இடத்தில் இருக்கவேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறு பிரதி இல்லாத ஏடுகளும் அதில் போயின. அந்த நெருப்பைக் கண்ட சமூகத்தின் பிள்ளைகள்தான் 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். புத்தகத்துக்கு அந்தப் புத்தி வந்துவிட்டது. படத்துக்கும் வரவேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்களுக்கு இன்றிரவே போன் எடுங்கள். 1990க்கு முன்னரே வெளியே போனவர்களின் பெட்டியில்தான் எங்கள் ஊரின் பெரும்பகுதி இருக்கிறது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். காணியைப் பற்றி இன்னொரு மேடையில் பேசுகிறேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் பென்சில்களும் வைத்திருக்கிறோம். ஸ்கேன் செய்ய இரண்டு பிள்ளைகள் இரவு எட்டு மணி வரைக்கும் இருப்பார்கள். போகும்போது அந்த 23 பேரின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பின்வரிசையில் இடமிருந்து நாலாவது ஆள் தலையில் துவாய் கட்டியிருக்கிறார், வலது கையில் இரண்டு விரலுக்குச் சீலை சுற்றியிருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் அந்த மேசையில்தான் இருப்பேன். வணக்கம்.