துப்பாக்கி தொடாமல் போருக்குப் போனவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 25, ஆன்சாக் நாள். போருக்குப் போன ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைக்கிற நாள். ஆஸ்திரேலியாவில் விடியும் முன்பே ஜனங்கள் நினைவுச் சின்னங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். தாத்தாவின் பதக்கத்தைப் பேரன் சட்டையில் குத்திக்கொண்டு நடப்பான். நான் பேச வந்திருப்பது, பேரனுக்குக் கொடுக்கப் பதக்கம் இல்லாத தாத்தாக்களைப் பற்றி.

முதல் உலகப்போரில் பிரிட்டனின் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பட்டறைகளிலும் கட்டுமான இடங்களிலும் ஆளில்லை. 1916 முதல் ஆஸ்திரேலிய அரசே ஆள் எடுத்துக் கப்பலேற்றியது. கடைசல்காரர், ஃபிட்டர், கொல்லர், அப்புறம் மண்வெட்டி பிடிக்கிற சாதாரணக் கூலியாள். ஐயாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பல வாரக் கடல் பயணம். கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வேறு.

போய் இறங்கிய நாட்டில் வேலை எப்படி இருந்தது? ஸ்காட்லாந்து எல்லையில் இருந்த கிரெட்னா ஆலையைப் பாருங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒன்பது மைல். கார்டைட் என்ற வெடிமருந்து செய்த இடம். ஆஸ்திரேலிய வேதியியலாளர்களும் அங்கே இருந்தார்கள். நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் பெண்கள் கையாலேயே பிசைந்தார்கள். பார்க்க வந்த, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் எழுதிய கோனான் டாயில், அந்தக் கலவைக்கு ‘பிசாசின் கஞ்சி’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். உள்ளே போகும்போது சட்டைப்பையில் ஒரு தீக்குச்சி இருந்தாலும் போச்சு. எத்தனை பெரிய உத்தியோகஸ்தராக இருந்தாலும் சோதனை உண்டு.

சரி, வேலை முடிந்து ஒரு கிளாஸ் பீர் குடிக்கலாம் என்றால், அதிலும் சிக்கல். குடித்துவிட்டு வேலை கெடுகிறது என்று 1916இல் கார்லைல், கிரெட்னா வட்டாரத்து மதுக்கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. ஒருவர் இன்னொருவருக்கு வாங்கித் தருவதற்கும் தடை! நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கித் தருவது ஆஸ்திரேலியர் வழக்கம். தன் முறை வரும்போது நழுவுகிறவனை அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள். அப்படி வளர்ந்த மனிதன், பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்கு ஒரு கிளாஸ் சொல்ல முடியாமல் தன் காசுக்குத் தான் மட்டும் குடிக்கிற காட்சியை நினைத்தால், எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. போர் முடிந்த பிறகும் அந்தக் கடைகளை அரசு உடனே விடவில்லை. 1970கள்வரை நடத்தியது, அது தனிக்கதை.

தெருவில் இன்னொரு சங்கடம். சீருடை இல்லாத வாலிபனைக் கண்டால் கோழை என்று வெள்ளை இறகை நீட்டுகிற காலம் அது. அதனால்தான் பிரிட்டிஷ் அரசு, ‘போர்ப்பணியில்’ என்று எழுதிய சிறு வில்லையைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்திருந்தது. அதைக் கோட்டில் குத்திக்கொண்டால் கொஞ்சம் நிம்மதி.

போர் முடிந்ததும் வீடு திரும்பினார்கள். படைவீரர் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. சட்டப்படி அவர்கள் ஒப்பந்தக் கூலிகள்.

கிரெட்னா ஆலைக்காகக் கட்டிய ஊர்களில் ஒன்று ஈஸ்ட்ரிக்ஸ். அதன் தெருக்களுக்குப் பிரிட்டிஷ் பேரரசின் ஊர்களைப் பெயராக வைத்தார்கள். ‘மெல்பர்ன் அவென்யூ’ பலகை இன்றும் அங்கே இருக்கிறது.