உறவாடிக் கெடுக்க வேண்டிய பகை

பெருமதிப்பிற்குரிய பேராயர் அவர்களே, இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் சேகர குருவானவர் ஐயா அவர்களே, நம் அழைப்பை ஏற்றுப் பக்கத்து ஊரிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் கத்தோலிக்கப் பங்குத்தந்தை அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, சேகர கமிட்டி உறுப்பினர்களே, சபை ஊழியர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, வாலிபர் சங்கத்துத் தம்பிமாரே, நாளைய அசனத்திற்கு விறகு பிளந்துவிட்டுத் துண்டால் வியர்வையைத் துடைத்தபடி பந்தலின் கடைசியில் நின்றுகொண்டிருக்கும் சகோதரர்களே, உங்கள் அனைவருக்கும் என் தோத்திரங்கள். மேடைக்கு ஏறுமுன் செயலர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, இந்தப் பெயர்களில் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்றார். பெயர்களை விட்டுவிட்டுப் பதவிகளைச் சொல்லியிருக்கிறேன். யாருடைய பதவியாவது விட்டுப்போயிருந்தால், இன்றைய தலைப்பு கிருபை என்பதை நினைத்து என்னை மன்னித்துவிடுங்கள்.

நமக்குப் பிடிக்காதவர்களுக்குக் கிருபையின் நற்செய்தியைக் கொண்டுபோவது எப்படி என்று பேசும்படி குருவானவர் ஐயா தொலைபேசியில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடித்தவர்களுக்கே நாம் ஒழுங்காகக் கொண்டுபோனதில்லை. இருந்தாலும் மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கலாம் என்று எண்ணி வந்திருக்கிறேன். அசீரியரின் பட்டணமாகிய நினிவேக்குப் போய்ப் பிரசங்கி என்று கர்த்தர் அனுப்பிய யோனா தீர்க்கதரிசி ஏன் ஓடினான்? நம்முடைய நினிவே எது? அங்கே போய் எதை, எந்தக் குரலில் சொல்லுவது?

அதற்கு முன் ஒரு பழமொழி. என்னிடம் படித்தவர்கள் இப்போதே சிரிப்பது தெரிகிறது. பகையாளி குடியை உறவாடிக் கெடு. என் பாட்டி உரலில் மாவிடிக்கும்போது உலக்கை விழும் தாளத்திற்கு இதைச் சொல்லுவாள். பொல்லாத பழமொழிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டால் சுவிசேஷம் கிடைக்கும் என்று நாற்பது ஆண்டுகளாக நான் சொல்லி வருகிறேன். குடியை விட்டுவிடுங்கள், பகையை உறவாடிக் கெடுங்கள். 'நாம் தேவனுக்குச் சத்துருக்களாயிருக்கையில்' என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறாரே, அந்தச் சத்துருக்களின் தெருவில் வந்து குடியேறி, அவர்களோடு ஒரே பந்தியில் உண்டு, அந்தப் பகையை உறவாடித்தானே ஆண்டவர் கெடுத்தார்?

இனி யோனாவிடம் வருகிறேன். ஞாயிறு பள்ளியில் நமக்கு அவனை விழுங்கிய மீனைப் பற்றிச் சொன்ன அளவுக்கு யோனாவைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் பயந்து ஓடினான் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யோப்பாவுக்குப் போய்த் தன் கைக்காசைக் கூலியாகக் கொடுத்துக் கப்பல் ஏறியவன் அதற்கான காரணத்தை நான்காம் அதிகாரத்தில் தானே சொல்லுகிறான்: 'நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையுமுள்ளவரும், தீங்குக்கு மனஸ்தாபப்படுகிறவருமான தேவனென்று அறிவேன்.' அதாவது, நான் போய்ப் பிரசங்கித்தால் அந்தப் பாவிகள் மனந்திரும்பிவிடுவார்கள், நீரும் மன்னித்துத் தொலைப்பீர், அது எனக்குத் தாங்காது என்று ஓடியிருக்கிறான். தன் பிரசங்கம் பலித்துவிடுமோ என்று கவலைப்பட்ட பிரசங்கியார் உலகத்தில் அவன் ஒருவன்தான். பலிக்காதே என்று கவலைப்படும் எங்களைப் போன்றவர்களுக்கு அவன்மேல் சற்றுப் பொறாமைகூட உண்டு.

ஆனால் யோனாவைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். அசீரியர் எப்படிப்பட்டவர்கள் என்பது கல்லிலேயே இருக்கிறது. கி.மு. 701இல் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்த அசீரிய ராஜா சனகெரிப், அங்கே மனிதரைக் கழுவில் ஏற்றியதையும் தோலை உரித்ததையும் கற்பலகைகளில் செதுக்க வைத்து, நினிவேயில் இருந்த தன் அரண்மனைச் சுவரில் அலங்காரமாகப் பதித்திருந்தான். அந்தப் பலகைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சனகெரிப் யோனாவுக்குப் பிற்பட்டவன்தான். ஆயினும் அவனுக்கு முன்பே, கி.மு. 722இல், யோனாவின் சொந்த நாட்டின் தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழுந்துவிட்டது. இந்தப் புத்தகத்தைக் கேட்ட இஸ்ரவேலர் யாருக்கும் யோனாவின் கோபம் புரியாமல் இருந்திருக்காது. கிருபையைப் பற்றி எளிதாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். யாருக்கு மன்னிப்பு என்று கேட்டுவிட்டுத்தான் கிருபையைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, யோனாவுக்கு நிழல் தரக் கர்த்தர் முளைப்பித்த ஆமணக்குச் செடி. நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் அதை ஆமணக்கு என்றே வைத்தார்கள். வரப்போரத்து ஆமணக்கு எவ்வளவு நிழல் தரும் என்பது இங்கிருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தக் கொஞ்ச நிழல் வாடியதற்கு அழுத மனிதனிடத்தில், வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத நினிவேயின் இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு நான் பரிதபிக்க வேண்டாமா என்று கர்த்தர் கேட்கிறார். அதோடு அநேக மிருகஜீவன்களையும் சேர்த்துக்கொள்கிறார். ஆடுமாடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதப்படவில்லை.

அசீரியர் இந்தக் காலத்தில் இல்லையே என்று யாரும் சொல்ல வேண்டாம். 1999ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்புக்குள் உறங்கிக்கொண்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும் பிலிப்பு, தீமோத்தேயு என்ற அவருடைய இரண்டு பிள்ளைகளையும் உயிரோடு கொளுத்தினார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலைகாரர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். சொன்னதோடு ஊருக்குக் கப்பல் ஏறிவிடவில்லை. பாரிபதாவில் குஷ்டரோகிகளுக்குச் செய்துவந்த பணியில் மேலும் பல ஆண்டுகள் இருந்தார். 2005இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த உயரத்திற்கு ஏற எனக்குக் கால் வலுவில்லை. ஆகவே நம் ஊர் உயரத்திற்கு இறங்கி, இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்.

நம்முடைய நினிவே எது? என் நினிவே என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தது. எண்பதுகளில் நடந்ததைச் சொல்லுகிறேன். டிசம்பர் மாத இரவுகளில் நாம் கீதபவனி போவோம் அல்லவா? அப்போது ஒலிபெருக்கி கிடையாது. ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு டோலக், ஒரு ஆர்மோனியம், பதினாறு தொண்டைகள், அவ்வளவுதான். ஆர்மோனியத்தைச் சுமந்து வருகிறவர் நம் சபைத் தையல்காரர். அதை வேறொருவர் தொட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். எந்த வீட்டில் முறுக்கு, எந்த வீட்டில் அச்சுமுறுக்கு, எந்த வீட்டில் வெறும் வாழ்த்து மட்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அந்த வரிசையில் ஒரு வீட்டு வாசல் வந்ததும் பாட்டை நிறுத்திவிடுவோம். நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை. அந்த வாசல் வந்ததும் டோலக் தானாகவே நின்றுவிடும். ஏதோ செருப்பைச் சரிசெய்கிறவர்களைப் போல நடந்து, அடுத்த வீட்டு வாசலில் மறுபடி தொடங்குவோம்.

அந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு ஆண்டுகளாகக் கோயிலுக்கு வருவதில்லை. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று எங்களை முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்டவர். கலெக்டருக்கு மனுப் போட்டவர். திமிர் பிடித்தவர் என்பது எங்கள் ஏகமனதான தீர்மானம். அந்த வருஷம் அவர் வாசலைச் சத்தமில்லாமல் கடக்கும்போது, சாக்கடை மேலிருந்த கற்பலகை புரண்டு, தையல்காரர் ஆர்மோனியத்தோடு கீழே விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆர்மோனியம், பசுவைப் பிரிந்த கன்றுக்குட்டி போல நீளமாக ஓர் ஓலமிட்டது. தெருநாய்கள் அத்தனையும் அதற்குப் பதில் சொல்லின. விழுந்தவரைத் தூக்காமல் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் எங்களில் ஒருவர் உண்டு. அவர் இன்று இந்த மேடையிலேயே இருக்கிறார். யார் என்று சொல்ல மாட்டேன்.

கதவு திறந்தது. கழுத்தில் மப்ளர், கையில் டார்ச் விளக்கு. அவர் ஒன்றும் பேசாமல் பதினாறு பேர் முகத்திலும் ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் என் முகத்தில் நிறுத்தினார். "சார்வாள், பதினோரு வருசமா இந்த வாசல் வந்ததும் பாட்டு நின்னுபோகுது. நானும் வருசா வருசம் லைட்ட அணைச்சிட்டு முழிச்சிக்கிட்டுதான் கிடக்கேன். நீங்க விட்ட எடத்துல இருந்து மிச்சப் பாட்ட நான் உள்ள இருந்து பாடி முடிக்கேன்" என்றார்.

நாங்கள் கிருபையை விநியோகிக்கிறவர்கள் என்று நினைத்து ஊர் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தோம். நாங்கள் பாதியில் விட்ட பாட்டை அவர் இருட்டில் படுத்துக்கொண்டு முடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவி கருப்பட்டிக் காப்பி போட்டார்கள். வீட்டில் ஏழு டம்ளர்தான் இருந்தது. கழுவிக் கழுவி வந்தது. எங்களில் சிலர், விரதம் என்றார்கள், இப்போதுதான் குடித்தோம் என்றார்கள். யார் யார் குடிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நான் குடித்தேன். ஆனால் குடிக்குமுன் சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். அதையும் இந்த மேடையில் அறிக்கையிடுகிறேன். அன்றிரவு ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை பேசவில்லை. அந்தச் சுரம் வரும் இடத்திலெல்லாம் அவருடைய கனத்த குரல்தான் நின்றது.

சாட்சி சொல்லுகிறவர்களின் வழக்கப்படி, அடுத்த ஞாயிறே அவர் கோயிலுக்கு வந்துவிட்டார் என்று நான் சொல்லவேண்டும். அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கேட்க எனக்குத் தேவையும் இல்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாயார் இறந்தபோது, கல்லறைத் தோட்டத்தின் வடபக்கத்தில் என் தாயாரின் கல்லறை இருக்கும் வரிசையில் ஓர் இடம் கேட்டார். கமிட்டி கூடியது. 'வழக்கப்படி தென்பக்கத்தில் அடக்கம் செய்ய அனுமதிக்கப்படுகிறது' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அந்தக் கையெழுத்து என்னுடையது. அப்போது நான் செயலர். அவர் எனக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. நான்தான் அவருக்குச் செய்திருந்தேன். செய்ததை ஒப்புக்கொள்வதைக் காட்டிலும் ஆளை வெறுப்பது சுலபமாக இருந்தது. நமக்குப் பிடிக்காதவர்களின் பட்டியலை வீட்டுக்குப் போய் எழுதிப் பாருங்கள். அதில் நமக்குக் கெடுதல் செய்தவர்கள் எத்தனை பேர், நாம் கெடுதல் செய்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பகையாளி குடியை உறவாடிக் கெடு என்றாள் பாட்டி. பகையாளி யார் என்பதை அவளும் சரியாகச் சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவரும் இறந்தார். அடக்க ஆராதனையில் வேதபாடம் வாசித்தது நான்தான். 'மண்ணுக்கு மண்' என்று சொல்லி அவரைத் தென்பக்கத்து மண்ணில்தான் வைத்தோம்.

பேராயர் அவர்கள் முன்னிலையில் இதைப் பேசலாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். பேராயர் அவர்கள் முன்னிலையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? பவுல் எபேசியருக்கு எழுதும்போது, 'பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து' என்கிறார். எருசலேம் தேவாலயத்தில் உண்மையாகவே ஒரு தடுப்பு இருந்தது. யூதனல்லாத அந்நியன் இதைத் தாண்டி வந்து பிடிபட்டால், அவனுக்கு வரும் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கை வெட்டியிருந்தார்கள். அந்தக் கல்லை 1871இல் கண்டெடுத்தார்கள். இப்போது அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பவுலைத் தேவாலயத்தில் பிடித்ததே, எபேசியனாகிய துரோப்பீமுவை அவர் உள்ளே கூட்டிவந்துவிட்டார் என்று எண்ணித்தான். ஆகவே எபேசுச் சபையாருக்குச் சுவர் என்றால் எந்தச் சுவர் என்று விளக்கவேண்டிய தேவை இருந்திருக்காது. உங்களுக்கும் இல்லை.

சாதி வேற்றுமையை உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது 1833இல். நம் தென்னிந்தியத் திருச்சபை பல சபைகளை ஒன்றாக்கிப் பிறந்தது 1947 செப்டம்பர் 27இல். சபைகள் ஒன்றாகிவிட்டன. நாளை அசனத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சாம்பாரைச் சாப்பிடப் போகிறோம், அதற்காக ஆண்டவருக்குத் தோத்திரம். கல்லறைத் தோட்டத்தில் வடபக்கத்தையும் தென்பக்கத்தையும் பிரிக்கும் சுவர் மட்டும் யாருக்காக நின்றுகொண்டிருக்கிறது? உள்ளே இருப்பவர்கள் யாரும் கேட்கவில்லையே!

நற்செய்தியைப் பேச அழைத்தால் சுவரைப் பேசுகிறாரே என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஐயா, தென்பக்கத்துத் தெருவுக்கு நம் கோபுரத்து ஒலிபெருக்கி தினமும் காலை ஐந்தரை மணிக்குக் கிருபையைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் கதவைத் திறந்தால் எதிரே தெரிவது அந்தச் சுவரின் முதுகு. எதை நம்புவார்கள்?

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாம் கேள்விக்கு நேரம் இல்லை. சீடனாகிய அனனியாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தமஸ்குவில் நேர்த்தெருவுக்குப் போய், தன்னைக் கட்டி இழுத்துப்போக வந்தவன் தலையில் கைவைத்து, அவன் சொன்ன முதல் வார்த்தை 'சகோதரனாகிய சவுலே' என்பது. அந்தச் சவுல்தான் பின்னாளில் பவுல். மீதியை வேறொரு கூட்டத்தில் குருவானவர் ஐயா அனுமதித்தால் சொல்லுகிறேன்.

பந்தலின் வெளிவாசலில், காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்து மேசையில், சுவரை எடுத்துவிடும்படி கமிட்டியைக் கேட்டுக்கொள்ளும் விண்ணப்பம் இருக்கிறது. நாளை மறுநாள் கமிட்டி கூடுகிறது. முதல் கையெழுத்து என்னுடையது. அதே பழைய கையெழுத்துத்தான். கூலி எவ்வளவு ஆகும் என்று நம் சபைக் கொத்தனாரிடம் கேட்டேன். கூலி வேண்டாம் சார்வாள், நல்ல செங்கல், வீணாக்காமல் உடைத்தால் குழாயடியில் குடம் வைக்க இரண்டு பக்கமும் மேடை கட்டிவிடலாம் என்றார்.