காது அடைத்துக்கொண்டதா? டாக்டர் குறும்பி எடுக்கும்போது என்னென்ன நடக்கும்

[காட்சி: காரைக்குடியில் ஒரு வீடு. இரண்டாம் கட்டிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி திரும்பவே இல்லை.]

வணக்கம். ஊருணியில் முங்கிக் குளித்துவிட்டு வந்ததும் ஒரு காது மட்டும் கும்மென்று அடைத்துக்கொள்ளும். தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்துப் பார்ப்போம், ஒன்றும் வராது. பல நேரம் உள்ளே நிற்பது தண்ணீர் இல்லை. ஏற்கெனவே சேர்ந்திருந்த குறும்பி, அதாவது காதழுக்கு, தண்ணீரில் ஊறி உப்பி, மிச்சமிருந்த இடைவெளியையும் மூடியிருக்கும்.

குறும்பி இருப்பதே தப்பு என்று நினைக்க வேண்டாம். தூசியும் கிருமியும் உள்ளே போகாமல் தடுக்கத்தான் காது அதைச் சுரக்கிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைய, தோலும் மெதுவாக வெளிப்பக்கம் நகர, அது தானாகவே வெளியே வந்துவிடும். பட்ஸ், ஹேர்பின், வண்டிச் சாவி, கோழி இறகு என்று கையில் கிடைத்ததை விட்டுக் குடைந்து, வெளியே வர இருந்ததையும் உள்ளே தள்ளி இறுக்குவது நாம்தான். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வெள்ளிக் குறும்பிவாங்கி கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அது ஷோகேஸுக்கு மட்டும்.

[காட்சி: கிளினிக். டாக்டர் ஆச்சியின் காதுமடலைப் பிடித்திருக்கிறார்.]

சரி, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விட்டீர்கள். காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, ஓட்டோஸ்கோப் என்கிற விளக்குக் கருவியால் உள்ளே பார்ப்பார். பெரியவர்களுக்குக் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான், ஆனால் வளைந்திருக்கும், அதை நேராக்கத்தான் அந்த இழுப்பு. காதில் எப்போதாவது சீழ் வடிந்தது, செவிப்பறையில் ஓட்டை, காது ஆபரேஷன், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதில் எது இருந்தாலும் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். எப்படி எடுப்பது என்பதே அதை வைத்துத்தான் முடிவாகும்.

குறும்பி கல்லாக இறுகியிருந்தால் அன்றைக்கே எடுக்க மாட்டார்கள். சில நாள் சொட்டு மருந்து விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். அந்த நாட்களில் அடைப்பு இன்னும் கூடின மாதிரி இருக்கும், குறும்பி ஊறுகிறது, அவ்வளவுதான். மருந்துக்குப் பதிலாகப் பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயைச் சுடச்சுட ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். தோல் வெந்துபோகும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்கே போய்விடும்.

எடுப்பதற்குப் பல வழி உண்டு. வெளியிலேயே தெரிகிற குறும்பியைச் சின்னக் கொக்கியாலோ இடுக்கியாலோ எடுத்துவிடுவார்கள். இன்னொன்று சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சுவது. தோளில் துண்டு, காதுக்குக் கீழே தட்டு, கலங்கின தண்ணீரோடு கட்டி வந்து விழும். தண்ணீர் உடம்புச் சூட்டில், 37 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்ந்தாலோ சுட்டாலோ உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பி அறையே சுற்றும். அதனால் "தண்ணி வெதுவெதுப்பா இருக்கா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கு இந்த முறையே ஆகாது.

என்னைக் கேட்டால் வசதி இருக்கிற இடத்தில் சக்‌ஷன்தான் மேல், மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சுவதால் கை எங்கே போகிறது என்பது டாக்டருக்குத் தெரியும். ஆனால் சத்தம்! இளநீரின் கடைசிச் சொட்டை ஸ்ட்ராவால் உறிஞ்சுகிற சத்தத்தைக் காதுக்குள்ளேயே வைத்தால் எப்படி இருக்கும், அது.

"வலிக்குதா ஆச்சி?"

"வலி இல்லை தம்பி, சத்தந்தான் மண்டையைப் பொளக்குது."

"தலை சுத்துனா கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன். தலையை மட்டும் ஆட்டிடாதீங்க."

இதில் கடைசி வரிதான் முக்கியம். நடுவில் திடீரென்று இருமல் வந்தாலும் பயப்பட வேண்டாம், தொண்டைப் பக்கம் போகிற வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குழாயிலும் இருக்கிறது, அதைத் தொட்டால் சிலருக்கு இருமல் வரும். குழாயின் உட்பகுதித் தோல் ரொம்ப மெல்லிசு, கருவி உரசினால் சுருக்கென்று இருக்கும், ஒரு பொட்டு ரத்தம்கூடத் தெரியலாம். அதைத் தாண்டி வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் உடனே சொல்லுங்கள்.

பெரும்பாலும் சில நிமிட வேலைதான். முடிந்ததும் ஃபேன் சத்தம், பக்கத்து அறைப் பேச்சு எல்லாம் தூக்கலாகக் கேட்கும். வீட்டுக்கு வந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடந்தால் தன் மெட்டிச் சத்தமே ஆச்சிக்குப் புதுசாக இருக்கும். ஓரிரு நாளில் பழகிவிடும். அதுவரை காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் குளியலைத் தள்ளிப்போடுங்கள். அப்புறம் வலி கூடினாலோ நீர் வடிந்தாலோ திரும்பப் போய்க் காட்டுங்கள், சர்க்கரை இருப்பவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். காது மிஷின் போடுகிறவர்களுக்குக் குறும்பி சீக்கிரம் சேரும், அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது.

எடுத்த பிறகும் சரியாகக் கேட்கவில்லை என்றால் அடைப்பு மட்டும் காரணம் இல்லை, செவித்திறன் பரிசோதனை தேவை. ராத்திரி நன்றாகக் கேட்ட காது காலையில் எழுந்ததும் கேட்கவில்லை என்றால், குறும்பியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அது நரம்புப் பிரச்சினையாக இருந்தால் முதல் சில நாட்களுக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் பலன் அதிகம், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.