மேடையில் ஒரு மன்னன்

வணக்கம். 1649 ஜனவரி 30, லண்டன் வைட்ஹால், கடுங்குளிர். உடம்பு நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறான் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்று, இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வெட்டுமேடைக்கு வந்தார் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ். ஒரே வெட்டு.

அடுத்த ஆண்டு, அயர்லாந்துப் படையெடுப்பிலிருந்து திரும்பிய, மன்னரை எதிர்த்து ஜெயித்த நாடாளுமன்றப் படையின் தளபதி கிராம்வெலை வரவேற்று 120 வரியில் ஒரு கவிதை எழுதினார் ஆங்கிலக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல். இது ஹொரேஸ் வழியில் வந்த பாட்டு என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். ஹொரேஸ் யார்? கி.மு. 42இல் பிலிப்பி போரில் புரூட்டஸ் பக்கம் நின்று தோற்று, அப்புறம் எதிர்ப்பக்கத்தில் ஜெயித்து ரோமப் பேரரசரான அகஸ்டஸையே பாடிய லத்தீன் கவிஞர். மார்வெலும் அதுவரை மன்னர் பக்கத்து நண்பர்களுக்குக் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர்தான்.

அந்த அகஸ்டஸிடம் தோற்ற எகிப்து அரசி கிளியோபாட்ராவின் வீழ்ச்சியை ஹொரேஸ் பாடியதைப் படித்துப் பாருங்கள். குடிப்போம், ஆடுவோம் என்று வெற்றிக் கூத்தாகத் தொடங்குகிறது, அவளைப் பைத்தியக்காரி என்கிறது, ஆனால் போகப் போகக் குரல் மாறி, ரோமின் வெற்றி ஊர்வலத்தில் கைதியாக நடக்க மறுத்துப் பாம்பைக் கையில் எடுத்து உயிர்விட்டவளின் கம்பீரத்தில் போய் முடிகிறது. ஜெயித்தவனுக்கான பாட்டில் தோற்றவளுக்குத்தான் கடைசி இடம்!

மார்வெல் பிடித்துக்கொண்டது இதைத்தான். கிராம்வெலை இடி மின்னல் என்று புகழ்ந்துகொண்டே வருபவர், நடுவில் நிறுத்தி, சார்லஸை ஒரு நடிகனாக மேடையேற்றுகிறார். நமக்கு நாடகமும் மேடையில்தான், தூக்கும் மேடையில்தான் இல்லையா, ஆங்கிலத்தில் அவர் எழுதும் ஸ்காஃபோல்ட் (scaffold) என்ற சொல்லும் அப்படி இரண்டுக்கும் பொருந்தும். சுற்றி நிற்கும் வீரர்கள் ரத்தக்கறைக் கையால் கைதட்டுகிறார்கள். மன்னரோ தாழ்வாக எதுவும் செய்யாமல், தெய்வங்களைத் திட்டாமல், கோடரியின் கூர்மையைக் கண்ணால் அளந்து, படுக்கையில் சாய்வதுபோல் தலையைச் சாய்க்கிறார். எட்டே வரி. எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் அடுத்து வரும் அயர்லாந்துப் பகுதியை என்னால் மன்னிக்க முடியவில்லை. ட்ரொஹெடா என்ற ஐரிஷ் ஊரில் அத்தனை பேரை வெட்டிச் சாய்த்த படையின் தலைவனை, எவ்வளவு நல்லவன், நியாயமானவன் என்று அந்த ஐரிஷ்காரர்களே மெச்சுவதாக எழுதுகிறார். ஹொரேஸிடம் கற்ற பரிவு அங்கே எங்கே போனது?

1660இல் முடியாட்சி திரும்பியது. 1681இல் மார்வெலின் கவிதைகள் நூலாக வந்தபோது, ஏறக்குறைய எல்லாப் பிரதிகளிலிருந்தும் இந்தப் பாட்டின் தாள்களை எடுத்துவிட்டார்கள். கிராம்வெலின் புகழோடு சார்லஸுக்கான அந்த எட்டு வரிகளும் போயின. மறுபடி அச்சேறியது 1776இல்.