கேசட்டுக்குள்ள ஒரு பலாத்தோப்பு

வணக்கங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துல கல்யாண வீடியோ எடுத்துட்டு இருந்தவன் நான், இப்ப முக்கால்வாசி வேலை வீட்டுல கெடக்குற பழைய கேம்கார்டர் கேசட்ட டிவிடியா மாத்திக் குடுக்கறதுதான்.

பண்ருட்டி பக்கத்துல இருந்து ஒரு அம்மா டிவிடி ஒண்ணு எடுத்துட்டு வந்தாங்க, 2009ல அவங்க பலாத்தோப்புல எடுத்தது, 2011 டிசம்பர் 30ல தானே புயல் சாய்ச்சுட்டுப் போச்சே, இப்ப அந்தத் தோப்பு இந்த வீடியோல மட்டுந்தான் இருக்கு. போட்டுப் பாத்தா ஒரு இலை கூட இலையா இல்லீங்க, பச்சப்பசேல்னு கட்டம் கட்டமா ஓடுது. மாத்திக் குடுத்த கடைக்காரர் மூணு மணி நேரத்த ஒரே டிஸ்க்ல அமுக்கிட்டார்.

அந்தக் கேம்கார்டர்ல போடற சின்ன டிஜிட்டல் கேசட் பேரு மினிடிவி (MiniDV), அதுல ஒரு மணி நேரம்னா கிட்டத்தட்ட 13 ஜிபி, டிஸ்க்கோ 4.7 ஜிபிதான், அதனால எப்படியும் சுருக்கித்தான் ஆகணும். சுருக்கும்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறுச்சோ அதத்தான் பெரும்பாலும் எழுதும். சும்மா நிக்கிற செவுத்துக்குக் கொஞ்சம் எடம் போதும், காத்துல ஆடுற இலைக்கும் சில்வர் பீச் அலைக்கும் பத்தவே பத்தாது, அதுங்கதான் மொதல்ல ஒடையும். ஒரு டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம், அவ்ளோதான் வைக்கணும். காச மிச்சம் புடிக்கிற எடம் இது இல்ல.

அதுக்கு முன்னாடி கேசட்ல இருந்து எடுக்கறதே சரியா இருக்கணும். மஞ்ச செவப்பு வெள்ள ஒயர்ல எடுத்தா படம் அனலாக்கா மாறி திரும்ப டிஜிட்டலாகும், அங்கயே கொஞ்சம் போயிடும். ஃபயர்வயர்னு கேமராவ கம்ப்யூட்டரோட நேரா சேக்குற டிஜிட்டல் ஒயர் இருக்கு, அதுல எடுத்தா கேசட்ல இருக்கறது அப்படியே வரும். அந்த ஒயர சொருகுற ஓட்டை இப்பத்த லேப்டாப்ல இல்ல, அதுக்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கேன், வீட்டுல தெனம் திட்டுதான். இன்னொண்ணு, ஒவ்வொரு படமும் ஒரு வரி விட்டு ஒரு வரின்னு ரெண்டு பாதியா பதிவாகும், அந்தப் பாதிக்குப் பேருதான் ஃபீல்டு, மினிடிவி கேசட்ல கீழ் ஃபீல்டு மொதல்ல வரும், டிஸ்க் அடிக்கும்போது அத மாத்தி வச்சுட்டா ஆள் நடந்தாலே படம் வெடவெடன்னு நடுங்கும்.

நல்லவேளை, அந்தம்மா கேசட்டத் தூக்கிப் போடல. ரெண்டு கேசட் சுத்தமா வந்துச்சு, மரத்துல சுண்ணாம்புல எழுதின நம்பர் வரைக்கும் தெரியுது. அந்த ஃபைல ஹார்ட் டிஸ்க்ல அப்படியே வச்சுக்கங்கம்மா, டிஸ்க் டிவில போட்டுப் பாக்க மட்டும்னு சொல்லி அனுப்பினேன். மூணாவதுல உப்புக்காத்து ஈரத்துல வெள்ளையா பூஞ்சை புடிச்சிருக்கு, ஓட்டினா கேமராக்குள்ள கேசட்டப் படிக்கிற ஹெட்டும் கெட்டுடும். அத இன்னும் உள்ள போடல.