அத்தை இடது பக்கம் போனார்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுக்கு முதல்முறையாக வரும் ஒருவருக்குப் போனில் வழி சொல்லியிருப்பீர்கள். "நேரா வாங்க, ஒரு டீக்கடை வரும், அதுல திரும்புங்க." அவர் அரை மணி நேரம் சுற்றிவிட்டு வியர்வையோடு வந்து நிற்பார். விசாரித்தால், அந்தத் தெருவில் டீக்கடை மூன்று. நாம் டீ குடிக்கிற கடை ஒன்றுதான் நம் கண்ணில் பட்டிருக்கிறது. நான் இன்றைக்குப் பேச வந்தது வீடியோ கேமைப் பற்றி. ஆனாலும் அந்த டீக்கடையை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் நான் கணக்கு எழுதுபவன். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு கம்ப்யூட்டரில் கேம் செய்கிறேன். துப்பாக்கி, கார் பந்தயம் எல்லாம் இல்லை. தாவிக் குதிக்கிற கேம். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும். டிவியில் மாட்டி, கேசட்டைச் செருகி, ஓடாவிட்டால் உருவி வாயால் ஊதி மறுபடி செருகி விளையாடினோமே, மாரியோ, அந்த வகை. பிளாட்பார்ம் கேம் என்பார்கள். ரயில்வே பிளாட்பாரம் இல்லை. ஒரு மேடையிலிருந்து அடுத்த மேடைக்குத் தாவிக்கொண்டே போவதால் அந்தப் பெயர்.

என் கேமில் மாரியோவுக்குப் பதில் ஒரு அணில். ஒரு தெரு முழுக்க மதில், ஓட்டுக்கூரை, தென்னை மட்டை என்று தாவித் தாவிக் கடைசி வீட்டு நாவல் மரத்தை அடைய வேண்டும். நடுவில் பூனைகள். கோடோ என்கிற இலவச மென்பொருளில் ஒன்றரை வருஷமாகச் செய்தது. முதல் கட்டத்தை நான் மட்டும் ஆயிரம் தடவைக்குக் குறையாமல் ஆடியிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டே முடிப்பேன். ஒரு நாள் நிஜமாகவே மூடிக்கொண்டு முடித்தேன். பார்த்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கூட வேலை பார்க்கிறவர்கள் ஆடிப் பார்த்துவிட்டு "சூப்பர் சார்" என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்கள் எல்லாருமே சின்ன வயசில் கேசட்டை ஊதியவர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காகக் கோவில்பட்டியிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. வயது 61. நாற்பது வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். செல்போனில் பேசுவார், அவ்வளவுதான். கேம் என்ற ஒன்றைத் தொட்டதே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "ராத்திரி பூரா என்னமோ தட்டிக்கிட்டே கெடக்கியே, என்னன்னு காட்டு" என்றார். லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அம்புக்குறி போட்ட பொத்தான்ல நடக்கலாம் அத்தை. இந்த நீளப் பொத்தான்ல குதிக்கலாம்." இவ்வளவுதான் சொன்னேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன்.

அத்தை இடது பக்கம் போனார்.

திரையின் இடது ஓரத்தில் முட்டி, அணில் நின்ற இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டிருந்தது. அத்தை பொத்தானை விடவில்லை. எனக்கு நெஞ்சு வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. வலது பக்கம், அத்தை, வலது பக்கம்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். எனக்கு அது ஒரு யுகம்.

இந்த இடத்தில் மாரியோ கதை ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் வீட்டில் எல்லாரும் பலமுறை கேட்டுச் சலித்த கதை, நீங்கள்தான் புதிது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985இல் ஜப்பானில் வெளிவந்தது. ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா என்ற இருவரும் முன்னின்று செய்தது. அதன் முதல் திரையில் மாரியோ எங்கே நிற்கிறான்? இடது பக்கமாக. முகம் வலது பக்கம். அவன் முன்னால் வெட்டவெளி. இடது பக்கம் திரும்பினால் திரை நகரவே நகராது. ஆக, வலது பக்கம் போ என்று ஒரு எழுத்துகூட எழுதாமல் சொல்லியாகிவிட்டது.

நாலு எட்டு வைத்ததும் பழுப்பு நிறத்தில், முறைத்துக்கொண்டு ஒன்று ஊர்ந்து வரும். அதன் பெயர் கூம்பா. சும்மா நின்றால் இடித்து மாரியோ செத்துப்போவான். போகட்டும், தொடங்கிச் சில நொடிதானே ஆகிறது, நஷ்டம் ஒன்றுமில்லை. அடுத்த தடவை பயத்தில் ஏதாவது பொத்தானை அமுக்குவீர்கள், மாரியோ குதிப்பான். தலைக்கு மேலே கேள்விக்குறி போட்ட கட்டி இருக்கும். அதில் முட்டினால் காசு. இன்னொன்றில் முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து, உங்களை விட்டு விலகி ஓடும். போய்விட்டதே என்று நினைப்பதற்குள், தூரத்தில் நிற்கிற பச்சைக் குழாயில் முட்டித் திரும்பி, நேராக உங்களிடமே வரும். கூம்பாவைப் பார்த்து ஏற்கெனவே பயந்திருக்கிறோமா, இதைப் பார்த்தும் துள்ளுவோம். மேலே கட்டிகள் தாழ்வாக இருப்பதால் அதில் இடித்து அந்தக் காளான் மேலேயே விழுவோம். விழுந்தால்? மாரியோ பெரிதாகிவிடுவான்! இது நல்ல காளான் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. யோசித்துப் பாருங்கள், அந்தக் குழாயை அந்த இடத்தில் வைத்தவனுக்கு எதிரே உட்காரப்போகிற புது ஆளின் பயம்கூடத் தெரிந்திருக்கிறது.

சரி, என் அணில் எங்கே நின்றது? நட்டநடுவில். ஏன்? பார்க்க அழகாக இருந்தது. போதாக்குறைக்கு இடது ஓரத்தில் ஒரு வீடு வரைந்து, கதவைத் திறந்து வைத்திருந்தேன், பின்னணி அலங்காரத்துக்காக. திறந்த கதவைப் பார்த்தால் யாராக இருந்தாலும் உள்ளேதானே போவார்கள்? ஆயிரம் தடவை ஆடியும் எனக்கு அந்தக் கதவு கண்ணில் படவில்லை. சொன்னேனே, டீக்கடை.

ஒருவழியாக அத்தை வலது பக்கம் திரும்பினார். முதல் மதில், அடுத்த மதில், நடுவில் சின்ன சந்து. இங்கே ஆரம்பித்தது பெரிய கூத்து. தாண்டுவதற்கு அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே குதிக்கிற பொத்தானையும் தட்ட வேண்டும். அத்தை ஒற்றை விரலால் ஆடினார். அம்புக்குறியை அமுக்குவார், விரலை எடுப்பார், கீழே குனிந்து நீளப் பொத்தானைத் தேடுவார், தட்டுவார். அணில் நேராக மேலே போய் நேராகக் கீழே வரும். பதினோரு தடவை. எண்ணினேன். என்னைத் தவிர அங்கே கொந்தளித்தவர் யாரும் இல்லை, அத்தை நிதானமாகத்தான் இருந்தார்.

பன்னிரண்டாவது தடவைக்கு முன்னால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "துணிய ஒரு கையால இழுத்துப் பிடிச்சுக்கிட்டே சக்கரத்தை இன்னொரு கையால சுத்துவோம்ல, அது மாதிரி." வலது கை அம்புக்குறியில், இடது கை நீளப் பொத்தானில். அணில் தாண்டிவிட்டது. "ஆங்!" என்றார்.

நான் முந்திக்கொண்டு "ரெண்டையும் சேர்த்து அமுக்குங்க" என்று சொல்லியிருந்தால் அந்த "ஆங்" வந்திருக்காது. அது மட்டுமா, என் கேம் அந்த விஷயத்தைச் சொல்லித் தரவே இல்லை என்பதும் எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

பேசாமல் இருப்பது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1998இல் வெளிவந்த ஹாஃப்-லைஃப் என்ற கேமைச் செய்த வால்வ் நிறுவனத்தார் வெளி ஆட்களைக் கூப்பிட்டு ஆட வைப்பார்கள். செய்தவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு மணி நேர ஆட்டத்தில் திருத்த வேண்டியவை நூறு வரை தேறுமாம். கை தேர்ந்தவர்களுக்கே நூறு. எனக்கு அத்தை முதல் பத்து நிமிஷத்திலேயே ஒன்றரைப் பக்கம் கொடுத்துவிட்டார்.

அடுத்தது விளிம்பு. அத்தை ஒவ்வொரு தடவையும் மதிலின் நுனி வரை போய், நுனியைத் தாண்டிய பிறகே குதிக்கிற பொத்தானைத் தட்டினார். அதற்குள் அணில் விழ ஆரம்பித்திருக்கும். "நான் அமுக்கினேனே?" என்றார். அவருக்குக் கோபம் வந்தது அங்கே மட்டும்தான். நியாயமான கோபம். இதற்கு கேம் செய்கிறவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள், பெயர் கோயோட்டி டைம். கார்ட்டூனில் கோயோட்டி என்று ஓநாய் மாதிரி ஒரு பிராணி மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடும், கீழே பார்த்த பிறகுதான் விழும், பார்த்திருப்பீர்கள். அதுபோல, நுனியைத் தாண்டிய பிறகும் கண்ணிமைக்கிற நேரத்துக்குக் குதிக்க அனுமதிப்பது. 2018இல் வந்த செலஸ்ட் என்ற கேம், கஷ்டமான கேம் என்று பெயர் வாங்கியது, அதிலேயே நொடியில் பத்தில் ஒரு பங்கு இந்தச் சலுகை உண்டு. ஆடுபவருக்குத் தெரியவே தெரியாது, நம் கை சுத்தம் என்று நினைத்துக்கொள்வார். நான் அதை வைக்கவில்லை. எனக்குத் தேவைப்படவில்லையே! கேமில் நொடிக்கு அறுபது படம் ஓடுகிறது. அன்று ராத்திரியே ஒன்பது படம் ஓடும் நேரத்துக்குச் சலுகை வைத்தேன்.

பூனை. பூனையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இந்த வகை கேமில் எதிரியின் தலையில் குதித்தால் எதிரி காலி. எனக்கு இது மூச்சு விடுவது மாதிரி. அத்தை பூனையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பூனை இந்தப் பக்கம் நடக்கிறது, அந்தப் பக்கம் நடக்கிறது. அத்தை பார்த்துக்கொண்டே இருக்கிறார். கைகள் பொத்தான் மேலேயே இருக்கின்றன. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. கடைசியில் என் சத்தியத்தை நானே உடைத்தேன். "ஏன் அத்தை சும்மா இருக்கீங்க?"

"அது போகட்டும்னு பாக்கேன். வாயில்லா ஜீவனை மிதிக்கச் சொல்றியாக்கும்?"

என் பூனை எங்கேயும் போகாது. அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன், கரண்ட் போகும் வரை நடந்துகொண்டே இருக்கும். அத்தைக்கு அது பூனை. பூனை என்றால் கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய் எங்காவது சுருண்டு படுக்கும். தெருவில் எந்தப் பூனையைப் பார்த்தாலும் அதுதானே நடக்கிறது? இப்போது என் கேமில் பூனை அரை நிமிஷம் உலாத்திவிட்டுத் தூங்கிவிடும். அவசரக்காரர்கள் மிதித்துக்கொள்ளலாம். ஒன்றரை வருஷத்தில் எனக்குத் தோன்றாத இந்த யோசனைதான் கேமிலேயே நல்ல யோசனை என்று ஆபீசில் சொல்கிறார்கள். யாருடையது என்று இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

எல்லாமே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருப்பார்களே, அதை வரைந்து வைத்திருந்தேன். அத்தை அதில் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை. அதே சமயம் பின்னணியில் சும்மா வரைந்த துணி காயப்போடும் கொடியில் நிற்கப் பார்த்து மூன்று தடவை விழுந்தார். அணில் கொடியில் ஓடுவதை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்? அந்தக் கொடி இப்போது நிஜக் கொடி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. புதியவர் ஒரு தடவைதான் புதியவர். ஒரு மணி நேரம் ஆடிவிட்டால் அவருக்கும் டீக்கடை பழகிவிடும். அதனால் முதல்முறை ஆடுகிறவரை கேம் தொழிலில் டிஷ்யூ டெஸ்டர் என்கிறார்கள், கை துடைக்கிற காகிதம் மாதிரி ஒரு முறைக்குத்தானாம். நம் பாஷையில் கறிவேப்பிலை. எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. அத்தையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசியாகச் சத்தத்தைப் பற்றிப் பேசலாம் என்று நிறையவே எழுதி எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம் என்று அர்த்தம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அணில் விழும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வைத்திருந்தேன், வேடிக்கையாக இருக்குமே என்று. அத்தை ஐந்தாவது தடவை விழுந்தபோது, "இது என்னைப் பாத்துச் சிரிக்குது" என்றார். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன சத்தம் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

அடுத்த மாதம் அத்தை மறுபடி வருகிறார். அவர் இனிமேல் எனக்கு உதவ மாட்டார், வந்த உடனே வலது பக்கம் போய்விடுவார். அதனால் பக்கத்து வீட்டு அம்மா ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கேமைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "பூனையப் பத்தி மட்டும் சொல்லிட்டேன்" என்கிறார் அத்தை.

நன்றி. வணக்கம்.