கோயில்பிள்ளையின் மனைவி

(தவக்கால மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பானவர்களே, மனச்சாட்சியைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். தனியாக எடுத்துப் பேச எனக்கு வராது. ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன்.

ஆஸ்திரியாவில் சங்க்ட் ராடகுண்ட் என்று ஒரு சின்ன ஊர். ஹிட்லர் பிறந்த பிரௌனாவ் நகரமும் அதே வட்டாரம்தான். அங்கே 1907-ல் பிறந்தவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்ற விவசாயி. பிறவியிலேயே சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்குள் வந்த முதல் மோட்டார் சைக்கிள் அவருடையது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். 1936-ல் பிரான்சிஸ்காவை மணந்தார். ஜெபமும் தினசரிப் பூசையும் அந்த அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டவை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள். பிற்பாடு ஊர்க் கோயிலுக்குக் கோயில்பிள்ளையும் ஆனார், அதாவது பீடத்தைத் தயார் செய்து கோயில் வேலைகளைப் பார்ப்பவர்.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டான். அது சரியா என்று மக்களிடம் ஓட்டெடுப்பு. 'ஆம்' என்று போடச் சொல்லி, திருச்சபையின் தலைவர்களான ஆயர்களே அறிக்கை விட்டார்கள். 99 சதவீதத்துக்கு மேல் 'ஆம்' விழுந்தது. பிரான்ஸ் 'இல்லை' என்று போட்டார். ஊரில் அப்படிப் போட்டவர் அவர் ஒருவர்தான் என்பார்கள். அப்புறம், கட்சிக்கு வசூல் என்று வந்தவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்காக அரசு கொடுத்த உதவித்தொகையை வாங்கவும் இல்லை. எனக்கு இந்த உதவித்தொகை விஷயம் முக்கியமாகப் படுகிறது. உயிரைக் கொடுக்க வேண்டிய நாள் வருவதற்கு முன்னாலேயே கைக்கு வந்த காசை விட்டுப் பழகியிருக்கிறார்.

1940-ல் அவரைப் பட்டாளத்துக்கு அழைத்தார்கள். போனார், உறுதிமொழியும் எடுத்தார், சில மாதங்கள் பயிற்சியிலும் இருந்தார். நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி அழைத்தால் போவதில்லை என்ற முடிவு அதற்குப் பிறகு வந்தது. இது நியாயமில்லாத போர், இதில் என் கையால் ஒருவனைக் கொல்ல மாட்டேன் என்றார்.

அவரைப் பெற்ற அம்மா அழுதார். சாமியார்கள் வேண்டாம் என்றார்கள். லின்ஸ் நகரத்துக்குப் போய் ஆயரையே பார்த்தார். குடும்பத்தை நினைத்துப் பார், போரின் நியாய அநியாயம் உன் பொறுப்பல்ல என்பதுதான் அங்கே கிடைத்த ஆலோசனை. ஆயரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று பிஞ்சுகளின் தகப்பன் என்னிடம் வந்து கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் என்னை உறுத்துகிறது.

பிரான்சிஸ்கா என்ன செய்தார்? முதலில் அவரும் கெஞ்சிப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டார். எல்லோரும் எதிர்த்து நிற்கிறார்கள், நானும் கைவிட்டால் இவருக்கு யாருமே இல்லையே என்று நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார்.

1943 மார்ச் மாதம் என்ஸ் நகரத்துப் பட்டாள முகாமுக்குப் போய், ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று நேரிலேயே சொன்னார் பிரான்ஸ். காயப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தால் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார், ஏற்கவில்லை. லின்ஸ் சிறை, பிறகு பெர்லினில் டேகல் சிறை. வீட்டிலிருந்து ஒரு புகைப்படம் போனது. மூன்று பெண் குழந்தைகளும் வரிசையாக நிற்கிறார்கள், கையில் ஒரு வாசகம்: 'அன்பு அப்பா, சீக்கிரம் வாருங்கள்.' அதைச் சிறைக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன் முடிவில் நிற்க வேண்டும். யோசித்துப் பாருங்கள்.

ஜூலை 6-ல் மரண தண்டனை விதித்தார்கள். அடுத்த வாரம் பிரான்சிஸ்கா ஊர்ச் சாமியாரோடு பெர்லினுக்கு ரயில் ஏறினார். பார்க்கக் கிடைத்தது இருபது நிமிஷம். கடைசி இரவில் பிரான்ஸின் மேஜைமேல் ஒரு காகிதம் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் உயிர் தப்பலாம். அதை ஒதுக்கி வைத்துவிட்டார். ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க்கில் தலையை வெட்டினார்கள். வயது 36.

நாம் பிரசங்கங்களில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவோம். விசுவாசத்துக்காக உயிர்விட்ட நம் தேவசகாயத்தைக் காற்றாடி மலையில் சுட்டதோடு நிறுத்திக்கொள்கிற மாதிரி. அவர் மனைவி ஞானப்பூ வடக்கன்குளத்தில் எப்படி நாளை ஓட்டினார் என்று எத்தனை பேர் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

பிரான்சிஸ்காவுக்கு அப்போது முப்பது வயது. உழ நிலம், வளர்க்க மூன்று பிள்ளைகள், கூடவே மாமியார். புருஷனைச் சாகவிட்டவள் என்ற பழி வேறு. போருக்குப் போய்ச் செத்தவர்களின் விதவைகளுக்குப் பென்ஷன் வந்தது, இவருக்கு 1950 வரை மறுத்தார்கள். உன் கணவர் நாட்டுக்காகச் சாகவில்லையாம்!

2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் பிரான்ஸை, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளராக அறிவித்தபோது பிரான்சிஸ்கா 94 வயதுப் பாட்டி. கணவரின் அருளிக்கத்தை, அதாவது வணக்கத்துக்கு வைக்கும் அவர் உடலின் எச்சத்தை, முத்தமிட்டுக் கொடுத்தார். 2013-ல் நூறு வயது நிறைந்த சில நாட்களில் இறந்தார்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பிரான்ஸுக்குப் பிறகு ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை வேலையை யார் பார்த்தார்கள் தெரியுமா? பிரான்சிஸ்காதான். தன்மேல் பழி போட்ட அதே சனம் ஞாயிற்றுக்கிழமை வந்து முழந்தாளிட, அவர் பீடத்தைத் தயார் செய்து வைத்திருப்பார்.